படுப்பதா, படுக்க வைப்பதா?

கேள்வி: படுக்கப் போகிறேன் என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஐ ஆம் கோயிங் டு லே டவுன்' என்று எழுதினால் தவறு என்கிறார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அப்படித்தானே பேசுகிறார்கள்? புரிந்தால் போதாதா?

பதில்: பேச்சுக்குப் போதும், எழுத்துக்குப் போதாது. அவர்களில் பலர் அப்படிப் பேசுவது உண்மைதான். பல நூற்றாண்டுகளாகவே பேசுகிறார்கள். ஆனால் அதே வாக்கியம் அச்சுக்குப் போகும்போது, கவனமான ஆசிரியர் ஒருவர் அதைத் திருத்திவிடுவார். நீங்கள் அவர்களுடைய பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு திருத்தத்தை விட்டுவிடுகிறீர்கள்.

தமிழ் தெரிந்தவர் இதில் தடுமாறுவதுதான் எனக்கு வருத்தம். 'குழந்தையைப் பாயில் கிடந்தாள்' என்று நீங்கள் ஒருநாளும் எழுத மாட்டீர்கள். 'கிடத்தினாள்' என்றுதான் கை தானாக எழுதும். உருள் - உருட்டு, திருந்து - திருத்து என்று தன்வினையும் பிறவினையும் நமக்குச் சிறு வயதிலேயே பழகிவிடுகின்றன. ஆங்கிலத்துக்கும் இது புதிதல்ல. அதன் மூதாதையான பழைய ஜெர்மானிய மொழியில் பிறவினைக்கென்றே ஒரு விகுதி இருந்தது. விகுதி தேய்ந்து மறைந்துவிட்டது, உயிரொலி வேறுபாடு மட்டும் சில இணைகளில் தங்கிவிட்டது. உட்கார்வது சிட், உட்கார வைப்பது செட். எழுவது ரைஸ், எழுப்புவது ரெய்ஸ். விழுவது ஃபால், மரத்தை வெட்டி வீழ்த்துவது ஃபெல். லை, லே இரண்டும் இந்தக் குடும்பம்தான்: லை என்றால் படு, கிட; லே என்றால் கிடத்து, வை.

ஆகவே லே என்று எழுதியதும் 'எதை?' என்று கேளுங்கள். கோழி லே செய்கிறது, எதை? முட்டையை. வீரர்கள் லே டவுன் செய்கிறார்கள், எதை? ஆயுதங்களை. உங்கள் வாக்கியத்தில் அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. அங்கே வரவேண்டியது லை டவுன்.

சரி, இவ்வளவு எளிது என்றால் ஏன் இத்தனை பேர் தவறுகிறார்கள்? இறந்தகாலம்தான் காரணம். லை என்பதன் இறந்தகாலம் லே! நேற்று முழுக்கப் படுத்துக் கிடந்தேன் என்பதற்கு 'ஐ லே இன் பெட் ஆல் டே' என்பதே சரி. மேலே சொன்ன விதியை அரைகுறையாகப் படித்தவர்கள் இங்கே பயந்துபோய் 'லெய்டு' என்று மாற்றிவிடுகிறார்கள். அது லே என்பதன் இறந்தகாலம், 'வைத்தேன்' என்று பொருள். இன்னும் சிலர் 'லைடு' என்று எழுதுகிறார்கள். அதற்குப் பொய் சொன்னேன் என்றுதான் அர்த்தம். விடுப்புக் கடிதத்தில் அப்படி எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

'ஹேவ்' சேர்ந்தால் லை என்பது 'லெய்ன்' ஆகும். எழுதும்போது அது கூச்சமாக இருந்தால், 'ஹேஸ் பீன் லையிங்' என்று வாக்கியத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பெரும்பாலான இடங்களில் பொருள் கெடாது. 'லேயிங்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.