வாப்பாவின் ஃபியட்டை மகனிடம் கொடுக்கலாமா?

கேள்வி: என் வாப்பா வைத்திருந்த 1968 மாடல் ஃபியட் 1100 எங்கள் கீழக்கரை வீட்டில் நிற்கிறது. வாப்பா மௌத்தாகி நான்கு வருடம் ஆகிறது. நான் துபாயில் இருக்கிறேன். ஊருக்கு வரும்போது நான்தான் எடுப்பேன். மகனுக்கு 20 வயது, கார் லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. இந்த விடுமுறையில் அவனே தனுஷ்கோடி வரை ஓட்டிப் போக வேண்டும் என்கிறான். 17 வயது மகளும் ஓட்டக் கேட்கிறாள். இன்சூரன்ஸை ஏஜென்ட் வருடாவருடம் புதுப்பித்து அனுப்பிவிடுகிறார். பிள்ளைகளிடம் வண்டியைக் கொடுக்கலாமா?

பதில்: மகனிடம் கொடுக்கலாம், ஆனால் வண்டி இன்றிருக்கும் நிலையில் கூடாது. மகளிடம் இப்போதைக்கு எந்த நிலையிலும் கூடாது.

மகன் எப்படி ஓட்டுவான் என்பது உங்கள் கவலை. அதைவிடப் பெரிய கவலை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: வாப்பா காலமாகி நான்கு வருடம், இன்சூரன்ஸ் மட்டும் தவறாமல் வருகிறது. அப்படியானால் ஆர்.சி. புக் இன்னும் வாப்பா பெயரில்தான் இருக்கிறது, பாலிசியும் அவர் பெயரில்தான் வருகிறது. ஏஜென்டுக்கு அது ஆன்லைனில் இரண்டு நிமிட வேலை. பழைய பாலிசி நம்பரைப் போட்டால் புதியது வந்துவிடும், உரிமையாளர் உயிரோடு இருக்கிறாரா என்று கம்ப்யூட்டர் கேட்காது. கிளெய்ம் என்று போய் நிற்கும்போதுதான் கம்பெனி கேட்கும்.

உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் வாரிசு தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அதுவரைதான் வாரிசு அந்த வண்டியை ஓட்டலாம். இன்சூரன்ஸிலும் கிட்டத்தட்ட இதே கணக்கு: இறந்த நாளிலிருந்து மூன்று மாதம், அல்லது பாலிசி முடியும் தேதி, எது முந்தியதோ அதுவரை. உங்களுக்கு இரண்டு கெடுவும் எப்போதோ முடிந்துவிட்டது. தாமதத்துக்கு அபராதம் கட்டி மாற்றிக்கொள்ளலாம், வழி அடைபடவில்லை.

இந்த இடத்தில்தான் அலுவலக வாசலில் நிற்கும் புரோக்கர் வருவார். "வாரிசு சர்டிஃபிகேட்டெல்லாம் எதுக்கு பாய், 29, 30-ல ஒரு கையெழுத்து போட்டா ஒரு வாரத்துல முடிஞ்சிரும்" என்பார். ஃபாரம் 29-ம் 30-ம் உயிரோடு இருக்கிறவர் விற்கும் வண்டிக்கானவை. அதில் விற்பவர் கையெழுத்து என்று உங்கள் வாப்பாவின் கையெழுத்தை யாராவது போடுவார்கள், தேதி இந்த மாதத் தேதியாக இருக்கும். இறப்புச் சான்றிதழில் நான்கு வருடம் முந்தைய தேதி. இரண்டையும் யாராவது பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நாளில் அது போலிக் கையெழுத்து வழக்கு. புரோக்கர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது, உங்கள் பெயர்தான் இருக்கும். சகோதர சகோதரிகள் இருந்தால், நாளை சொத்துப் பேச்சு எழும்போது இந்தக் கார் முதல் சாட்சியாக வந்து நிற்கும்.

உங்களுக்கு வேண்டியது ஃபாரம் 31. அதோடு இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் ஆட்சேபனை இல்லை என்று எழுதித் தரும் கடிதம், அசல் ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், உங்கள் முகவரிச் சான்று. வாரிசுச் சான்றிதழை இ-சேவை மையத்தில் பதிந்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று விசாரணை நகர்ந்து வரும். விமானம் ஏறிய பிறகு தொடங்காதீர்கள், துபாயில் இருக்கும்போதே வீட்டார் மூலம் தொடங்குங்கள். ஆர்.சி. மாற்ற இன்சூரன்ஸ் கேட்பார்கள். இன்சூரன்ஸை மாற்ற ஆர்.சி. கேட்பார்கள். இந்தச் சுற்றை இத்தனை வருடமாக யாரும் சரிசெய்யவில்லை. நீங்கள் முதலில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு (ஏஜென்டுக்கு அல்ல) இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் இணைத்து, பாலிசியை வாரிசு பெயருக்கு மாற்றித் தரும்படி கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள்.

பழைய புத்தக ஆர்.சி. என்றால் கம்ப்யூட்டரில் விவரமே ஏறாமல் இருக்கலாம், பேக்லாக் பதிவு கேட்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் பதிவு (ஊரில் எஃப்.சி. என்பார்கள்) நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆய்வாளர் சேசிஸ் நம்பரைப் பார்ப்பார். உப்புக் காற்றில் நம்பர் துருவுக்குள் மறைந்திருந்தால் மண்ணெண்ணெய் துணியும் நைலான் பிரஷும் போதும். கிரைண்டர் வைத்துத் தேய்த்த நம்பரை எந்த ஆய்வாளரும் திருத்திய நம்பராகத்தான் பார்ப்பார்.

"விண்டேஜ் நம்பர் வாங்கிடலாம்" என்றும் ஒருவர் வருவார். 2021-ல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டி, அசல் உருவம் மாறாத வண்டியை 20,000 ரூபாய் கட்டி விண்டேஜாகப் பதியலாம், புதிதாகப் பதியும் வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்தோடு நம்பர் தருவார்கள், ஏற்கெனவே பதிந்த வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், பத்து வருடம் செல்லும். அவர் சொல்லாமல் விடுவது இது: அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, பெட்ரோல் போட, பழுது பார்க்க, அவ்வளவுதான். மகன் தனுஷ்கோடி போக அது உதவாது. வேடிக்கை என்னவென்றால், இன்சூரன்ஸ்காரர்களின் பழைய டாரிஃப் விதியில் 1940 டிசம்பர் 31-க்கு முன் தயாரான கார்தான் விண்டேஜ். ஒரே வண்டி ஒரு கவுன்டரில் கிழம், அடுத்த கவுன்டரில் வெறும் பழசு.

இனி மகன் விஷயம். உங்கள் ஏஜென்ட் அனுப்புவது பெரும்பாலும் வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி. 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள காருக்கு 2022-ல் நிர்ணயித்த கட்டணம் 3,416 ரூபாய், வரி தனி. உங்கள் 1089 சி.சி. ஃபியட் இதில் வரும். நீங்கள் கட்டுவது இந்த அளவில் இருந்தால், "ஃபுல் இன்சூரன்ஸ் சார்" என்று ஏஜென்ட் சொன்னதைக் கணக்கில் எடுக்காதீர்கள். இந்தப் பாலிசி ரோட்டில் அடிபடுகிறவருக்கு உண்டு. காருக்குள் உட்கார்ந்திருக்கும் உங்கள் மனைவிக்கும் மகளுக்கும் இல்லை. அவர்களுக்கும் சேர வேண்டுமென்றால் பேக்கேஜ் பாலிசி எடுக்க வேண்டும். பழைய வண்டி என்று கம்பெனிகள் தயங்கும். நேரில் ஆய்வு செய்யச் சொல்லி, வண்டியின் மதிப்பை இரு தரப்பும் பேசி முடிவு செய்து எழுதச் சொல்லுங்கள். அதற்கு விதியில் இடம் உண்டு.

பேக்கேஜ் எடுத்தாலும் ஒரு ஓட்டை மிச்சம். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்வது ஆஸ்பத்திரி வராந்தாவில்தான். பாலிசியில் 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பு என்று ஒரு வரி இருக்கும். அது ஆர்.சி.யில் பெயர் உள்ள உரிமையாளருக்கு மட்டும். மகன் ஓட்டும்போது அவனுக்கு அது கிடையாது. உரிமையாளர் அவன் இல்லை. சரி, உரிமையாளர் இல்லையென்றால் மூன்றாம் நபர் என்று கேட்கலாமே என்றால், அதுவும் இல்லை. உரிமையாளரிடம் வண்டியை இரவல் வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்திலேயே நிற்கிறார், அவர் தனக்கே இழப்பீடு கேட்க முடியாது என்று 2009-ல் நிங்கம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எதிரே வந்த லாரி மேல் தப்பு என்றால் அந்த லாரியின் இன்சூரன்ஸில் கேட்கலாம். மாடு குறுக்கே வந்து மகன் வண்டியைப் புளியமரத்தில் விட்டால் யாரிடமும் கேட்க முடியாது. மருந்து எளியது: மகன் பெயரில் தனியாக ஒரு தனிநபர் விபத்து பாலிசி. காரோடு சேர்த்துப் பெயர் குறிப்பிட்டு எடுக்கும் கூடுதல் காப்பும் உண்டு, ஆனால் அதில் தொகை சொற்பம். தனி பாலிசியே எடுங்கள், அவன் மோட்டார்சைக்கிள் ஓட்டும்போதும் அது உதவும்.

காகிதம் முடிந்ததும் பிரேக். மகன் லைசென்ஸ் எடுத்தது பவர் ஸ்டீயரிங், ஏ.பி.எஸ். உள்ள காரில் என்றே வைத்துக்கொள்கிறேன். ஃபியட்டில் நான்கு சக்கரத்திலும் டிரம், பூஸ்டர் கிடையாது, காலின் பலம்தான் பிரேக். புதிய கார்களில் பிரேக் ஆயில் இரண்டு தனிப் பாதையில் போகும்; ஒன்று ஒழுகினாலும் மற்றது பிடிக்கும். இதில் ஒரே பாதை. ஒரு ஹோஸ் வெடித்தால் பெடல் தரையைத் தொட்டுவிடும், மிச்சம் ஹேண்ட் பிரேக்தான். ஆகவே, முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, மூன்று ரப்பர் ஹோஸையும் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். இரும்பு பிரேக் பைப்பை மண்ணெண்ணெய் துணியால் துடைத்து நகத்தால் நெருடிப் பாருங்கள், முக்கியமாகப் பின் ஆக்சில் மேல் ஓடும் பகுதியை. சொரசொரப்பாகக் குழி தட்டுப்பட்டால் அந்தப் பைப் முழுவதும் புதியது. ஏ.சி. கடையில் கிடைக்கிற வெறும் செம்புக் குழாயை வளைத்துப் போடும் மெக்கானிக்குகள் உண்டு; அது அதிர்வில் விரிசல் விடும். பிரேக்குக்கென்றே வரும் செம்பு-நிக்கல் பைப் கேளுங்கள்.

வீல் சிலிண்டருக்கு ரப்பர் கிட் மட்டும் போட்டு அனுப்புவது இன்னொரு வழக்கம். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். கடற்கரையில் நின்றே கிடக்கும் வண்டியில் அந்த ஈரம் சிலிண்டரின் உள்சுவரை அரித்துக் குழியாக்கும். குழியான சுவரில் புது ரப்பர் ஒரு மாதம்கூடத் தாங்காது, சிலிண்டரையே மாற்ற வேண்டும். ஆயில் டாட் 3 அல்லது 4, உங்கள் ஊரில் வருடம் ஒருமுறை முழுக்க மாற்றுங்கள். ஏர் எடுப்பது மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் உள்ள இடது பின் சக்கரத்தில் தொடங்கி. "ஆயில் குறைஞ்சிருந்துச்சு, ஊத்திட்டேன்" என்று மெக்கானிக் சொன்னால் அன்று வண்டியை வெளியே எடுக்காதீர்கள். ஆயில் எங்கோ ஒழுகுகிறது. பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம், டிரம்மைக் கழற்றித் தூசியை ஊத வேண்டாம், ஈரத் துணியால் துடைக்கட்டும்.

முடித்ததும் சோதனை: பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெதுவாக இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் சரியில்லை. பிறகு ஆளில்லாத ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டு, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். இழுத்தால் அட்ஜஸ்ட்மென்ட் சமமில்லை, அல்லது ஒரு சக்கரத்தில் லைனிங் மேல் ஆயில் பட்டிருக்கிறது.

சீட் பெல்ட் 1968 மாடலுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை. போடுங்கள். ஆனால் தரைத் தகட்டை ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்த்த பிறகு. கால்விரிப்புக்கு அடியில் பட்டி போட்டு மூடிய துருவில் போல்ட் முறுக்கினால் அடிபடும் நேரத்தில் பெல்ட் தகட்டோடு பிய்ந்து வரும். நல்ல தகட்டில், கீழே கனத்த பின்தகடு வைத்துத்தான் மாட்ட வேண்டும். டயரில் ஆழம் நிறைய இருக்கும், வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். ஆறு வருடம் தாண்டியிருந்தால் கழற்றுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயை ஊறவைத்து ஒழுகவிடும். எத்தனால் தாங்கும் குழாய் மாற்றி, சீட்டுக்கு அருகே ஒரு கிலோ தீயணைப்பான் வையுங்கள்.

மகனுக்குப் பயிற்சி என்று தனியாக நிறைய இல்லை. ஸ்டீயரிங் தண்டில் உள்ள கியரை என்ஜின் அணைத்த நிலையில் கண்ணை மூடிக்கொண்டு போடப் பழகட்டும். முதல் கியர் வண்டி முழுக்க நின்ற பிறகுதான். ஓடும்போது திணித்தால் பல் போய்விடும். முன் வண்டிக்கும் தனக்கும் அவன் இப்போது விடுகிற இடைவெளியை இரண்டு மடங்காக்கட்டும். முதல் சில நாள் ஏர்வாடி வரை போய் வந்தால் போதும்.

தனுஷ்கோடிக்குப் போகும் வழியில் பாம்பன் சாலைப் பாலம் 2.3 கிலோமீட்டர். ஆடியில் கச்சான் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது, ஸ்டீயரிங்கில் ஆட்டம் உள்ள வண்டி ஓட்டுபவர் திருப்பாமலே ஓரம் மாறும். ஸ்டீயரிங் வளையம் ஒரு அங்குலத்துக்கு மேல் சும்மா ஆடினால், முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து அசைத்து, கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு) தேய்மானத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படட்டும். பாலத்தின் மேல் ரயில் பாலத்தைப் படம் பிடிக்க நிறுத்துகிற கூட்டம் எப்போதும் உண்டு, 40-க்கு மேல் வேண்டாம். மீன் லாரி ஒழுகவிட்ட தண்ணீரும், முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் ரோட்டில் பரவிக் கிடக்கும் மணலும் டிரம் பிரேக்குக்கு எதிரி. இருட்டுவதற்குள் திரும்பட்டும், இந்த வண்டியின் விளக்கில் ரோட்டில் படுத்திருக்கும் மாடு தெரியும்போது பிரேக் போட இடம் இருக்காது. வந்ததும் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும், ஆனால் வீட்டுப் போர் தண்ணீரில் அல்ல. கீழக்கரைப் போர் தண்ணீரிலேயே உப்பு இருக்கிறது. குடங்கணக்கில் நல்ல தண்ணீர் செலவாகும், வேறு வழியில்லை.

மகளுக்கு வருவோம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் பொது இடத்தில் கார் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவில் குற்றவாளி நீங்கள்: மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஆர்.சி. 12 மாதம் ரத்து. அவளுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. யாருக்காவது அடிபட்டால் கம்பெனி அவருக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை உங்களிடம் வசூலிக்கும். கேட் போட்ட சொந்தத் தோப்புக்குள் பழகலாம். ஊரார் நடந்து போகும் பாதை குறுக்கே ஓடினால் அதுவும் பொது இடம்தான். கடற்கரை மணலும் உப்பளப் பாதையும் சொந்தத் தோப்பு ஆகாது. 18 முடிந்ததும் எல்.எல்.ஆர். எடுத்து, எல் போர்டு மாட்டி, லைசென்ஸ் உள்ளவரைப் பக்கத்தில் வைத்து ஓட்டலாம். பக்கத்தில் இருப்பவர் வண்டியை நிறுத்தக்கூடிய நிலையில் இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் ஃபியட்டில் ஹேண்ட் பிரேக் அவர் கைக்கு எட்டுகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். எட்டவில்லையென்றால் அவள் டிரைவிங் ஸ்கூல் காரிலேயே கற்றுக்கொள்ளட்டும்.