ஊக்கு குத்திய செருப்பு

கேள்வி: வயது 34. சென்னையில் வேலை. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது வாசலில் கிடந்த அம்மாவின் ரப்பர் செருப்பைப் பார்த்தேன். வார் பிய்ந்த இடத்தில் ஊக்கு குத்தி வைத்திருந்தார். பக்கத்திலேயே என் புது ஷூ. பஸ்ஸில் திரும்பும்போது அழுகை அடங்கவில்லை. இனி தினமும் அம்மாவிடம் பேசுவது என்று முடிவெடுத்தேன். பத்து நாள் பேசினேன், பிறகு பழையபடிதான். அன்று எனக்கு வந்தது வெறும் உணர்ச்சிவசப்படல்தானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள தம்பி, இல்லவே இல்லை. பத்து நாளில் நின்றுபோனதால் அது பொய்யாகிவிடாது.

மதுரை மேலமாசி வீதியில் காந்தி தங்கிய வீடு இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று அங்கேதான் தொப்பியையும் மேல்சட்டையையும் விட்டு, அரையில் ஒரு துண்டு வேட்டி போதும் என்று முடிவெடுத்தார். கதர் வாங்க எங்களுக்குக் காசில்லை என்று ஏழைகள் சொன்னதைக் கேட்டார், மாறினார் என்றுதான் பள்ளியில் படித்தோம். அவர் எழுதியதைப் படித்தபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அந்த எண்ணம் அவருக்கு வந்தது அது மூன்றாவது முறை! வங்காளத்தில் குல்னா மக்கள் சோறும் துணியும் இல்லாமல் தவித்தபோது முதலில் தோன்றியிருக்கிறது. அதில் தன் அகங்காரமும் கலந்திருக்கிறது என்று பட்டதால் அடக்கிக்கொண்டார். வால்டேரில் (இன்றைய விசாகப்பட்டினம்) உடன் பயணம் செய்த தலைவர் மௌலானா முகமது அலி கண்ணெதிரே கைதானபோது மறுபடியும் தோன்றியது. அப்போதும் துணியவில்லை. மதுரையில் துணிந்தபோதுகூட, 'அக்டோபர் 31 வரையாவது' என்றுதான் சொன்னார். சுமார் நாற்பது நாள் கணக்கு.

நீங்களோ எடுத்த எடுப்பில் ஆயுளுக்கும் சேர்த்து முடிவெடுத்துவிட்டீர்கள். நாற்பது நாள் என்று வையுங்கள். தினமும் வேண்டாம்; ஞாயிறும் புதனும், இரவுச் சாப்பாடு முடிந்ததும் பேசுங்கள். பேச விஷயம் இல்லையென்றால் அன்று என்ன குழம்பு என்று கேளுங்கள். அம்மாக்களுக்கு அது போதும், அங்கிருந்து அவர்களே ஊர்க்கதை முழுவதையும் சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று. கடிதத்தில் உங்கள் அழுகை இருக்கிறது, அம்மாவின் குரல் இல்லை. அந்த ஊக்கு ஏன் என்று அவரிடம் கேட்டீர்களா? காசில்லாமல் இருக்கலாம். இன்னும் நாலு மாதம் உழைக்குமே என்று நினைத்திருக்கலாம். கடை வரை நடக்க முழங்கால் ஒத்துழைக்காமலும் இருக்கலாம். அப்படியென்றால் செருப்பைவிட முழங்காலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். என் அம்மாவும் இப்படித்தான், கிழிந்த புடவையை மடித்துக் கட்டி மறைப்பார். நான் கேட்கவே இல்லை. இன்றுவரை உறுத்துகிறது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, தரையில் பழைய நியூஸ்பேப்பரை விரித்து அம்மாவை அதன்மேல் நிற்கச் சொல்லி, பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்து எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு காலையும் வரையுங்கள். வயதானவர்களுக்கு ஒரு கால் வீங்கிச் சற்றுப் பெரிதாக இருப்பதுண்டு.