தார் ஆட்டு வேட்டைக்கு எந்தக் கூடாரம்?

வணக்கம். ஜூனில் நியூசிலாந்தின் தென்தீவு மலையில் உங்கள் அண்ணனோடு ஐந்து நாள் தார் ஆட்டு (இமயமலைக் காட்டாடு) வேட்டைக்குப் போகிறீர்கள். ஒரே அடுக்குத் துணியாலான ஒரு கிலோ ஒற்றைச்சுவர்க் கூடாரமா, உள்கூடாரமும் மேல்விரிப்பும் தனித்தனியாக உள்ள இரண்டு கிலோ இரட்டைச்சுவரா என்று கேட்டிருந்தீர்கள்.

இரண்டு கிலோவையே எடுங்கள். ஜூன் அங்கே குளிர்காலம். ஒற்றைச்சுவரில் உங்கள் மூச்சின் ஈரமே உட்புறம் படிந்து உறையும். விடிந்ததும் உருகித் தூக்கப்பையில் சொட்டும். இறகுப்பை நனைந்தால் சூடு போச்சு. துணி ஒருவர், கம்பி ஒருவர் என்று பிரித்தால் ஆளுக்கு ஒரு கிலோதானே!

தார் மேயும் இடம் மரங்களுக்கும் மேலே. மறைப்பே இல்லாத காற்று, பாறைத்தரையில் கூடார முளையும் இறங்காது. அதனால் தானாக நிற்கும் சட்டம் வேண்டும், கல்லில் கட்ட நீளக் கயிறும் வேண்டும். துணி பாலியெஸ்டராக இருந்தால் நல்லது, நைலான் நனைந்தால் தொய்யும்.

முக்கியமாக, வீட்டில் இறுகச் சுருட்டி வைக்காதீர்கள். என் பழைய கூடாரம் வீட்டு பாம் ஷெல்டரில் (சிங்கப்பூர் வீடுகளில் உள்ள பாதுகாப்பு அறை) இரண்டு வருடம் கிடந்து, நம்மூர்ப் புழுக்கத்தில் துணியின் நீர்புகாப் பூச்செல்லாம் பிசுபிசுத்து உரிந்துவிட்டது. மனசு கேட்கவில்லை.

போகுமுன் இங்கே சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் அனுமதி வாங்கி ஓர் இரவு இருவரும் படுத்துப் பாருங்கள். பிறகு முளைகளில் ஒட்டிய மண்ணைச் சுத்தமாகக் கழுவிவிடுங்கள். நியூசிலாந்தில் இறங்கியதும் கூடாரத்தை அறிவிக்க வேண்டும், மண் ஒட்டியிருக்கிறதா என்று சோதிப்பார்கள்.