பிரெட் அவனில் உப்புகிறது, வெளியே வந்ததும் அமுங்குகிறது

கேள்வி: மகளுக்குச் சீலியாக் நோய், குளூட்டன் துளியும் ஆகாது. 200 கிராம் அரிசி மாவு, 200 கிராம் மரவள்ளி ஸ்டார்ச், 400 மில்லி தண்ணீர், ஈஸ்ட் சேர்த்து பிரெட் செய்கிறேன். அவனில் நன்றாக எழும்புகிறது, வெளியே எடுத்ததும் நடுவில் குழி விழுகிறது. சூட்டோடு வெட்டினால் உள்ளே பசை மாதிரி ஒட்டுகிறது. ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் கல். ஈஸ்ட்டைக் கூட்டவா, இல்லை கடைக்காரர் சொல்லும் ‘ரெடி மிக்ஸ்’ வாங்கவா?

பதில்: ஈஸ்ட்டில் கை வைக்காதீர்கள். மாவு எழும்பத்தான் செய்கிறது, எழும்பியதைத் தாங்கத்தான் ஆள் இல்லை. கோதுமையில் அந்த வேலையைக் குளூட்டன் என்ற புரதம் செய்யும், காற்றுக் குமிழிகளைச் சுற்றி ரப்பர் பை போல நிற்கும். அது இல்லாதபோது மாவுச்சத்து வெந்து கெட்டியாகும் வரை யாராவது குமிழியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பச்சைத் தண்ணீரில் ஸ்டார்ச் அதிகம் ஊறாது, சுமார் 60 டிகிரிக்கு மேல் போனால்தான் தண்ணீரைக் குடித்து வீங்கிக் கூழாகும். அதுவரை தாங்கப் பிசின் போல ஒன்று வேண்டும். இசப்கோல் உமி அதற்கு நல்லது. 400 கிராம் மாவுக்கு 20 கிராம் உமியை அந்த 400 மில்லி தண்ணீரிலேயே போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள், கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் திரளாக நிற்கும். அப்புறம் மாவைச் சேருங்கள், இறுகினால் கொஞ்சம் தண்ணீர் விடலாம். மாவு ஒன்றரை மடங்கு எழும்பியதும் அவனில் வைத்துவிடுங்கள். இரண்டு மடங்குக்குக் காத்திருந்தால் மறுபடி அமுங்கும்.

பசைக்குக் காரணம் மரவள்ளி. அது இழுபடும் கூழாகிற ஸ்டார்ச், கொஞ்சம் இருந்தால் மென்மை, பாதிக்குப் பாதி என்றால் பசைதான். 100 கிராமாகக் குறைத்து, அரிசி மாவை 300 ஆக்குங்கள். மேல்புறம் சிவந்ததைப் பார்த்து எடுக்காதீர்கள், தெர்மாமீட்டரை நடுவில் குத்தி 97 டிகிரி வந்தபின் எடுங்கள். இரண்டு மணி நேரமாவது ஆறவிட்டு வெட்டுங்கள், உள்ளே இருக்கும் கூழ் ஆறும்போதுதான் இறுகி வடிவம் பிடிக்கும்.

ஃபிரிட்ஜ் வேண்டவே வேண்டாம். வெந்த ஸ்டார்ச் மறுபடி இறுகிக் கல்லாவது 4 டிகிரி பக்கத்தில்தான் மிக வேகம். துண்டு போட்டு ஃபிரீசரில் வையுங்கள், வேண்டும்போது டோஸ்ட் செய்தால் இறுக்கம் தளர்ந்துவிடும்.

சரி, அந்த ரெடி மிக்ஸ். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பொருள்கள் எடை வரிசையில் இருக்கும், பெரும்பாலும் அரிசி மாவு, ஸ்டார்ச், ஒரு பிசின், அவ்வளவுதான். உங்கள் அலமாரியில் இருப்பதையே பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். அதைவிட மோசம், மூட்டையிலிருந்து அள்ளிக் கவரில் போட்டு ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று ஸ்டிக்கர் ஒட்டித் தரும் இடைத்தரகர்கள். கோதுமை அரைத்த அதே மில்லில் அரைத்திருந்தால் அந்த மாவு உங்கள் மகளுக்கு விஷம்தான். லாட் நம்பரும் தயாரிப்பாளர் முகவரியும் இல்லாத கவரைத் தொடாதீர்கள்.

ஒன்றை மட்டும் விளக்கியே ஆக வேண்டும், எல்லோரும் குழம்புவது இதில்தான். ‘குளூட்டன் ஃப்ரீ’ பாக்கெட்டில் ‘கோதுமை ஸ்டார்ச்’ என்றும் இருக்கலாம். ஏமாற்று வேலை இல்லை. புரதத்தைக் கழுவி நீக்கிய ஸ்டார்ச் அது, கிலோவுக்கு 20 மில்லிகிராம் குளூட்டனுக்குள் இருந்தால் 2008-இல் திருத்தப்பட்ட கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரம் அனுமதிக்கிறது. ஆனால் சாதாரணக் கோதுமை ஸ்டார்ச்சுக்கு இது பொருந்தாது, ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று எழுதியிருந்தால் மட்டுமே. கோதுமை அலர்ஜி உள்ளவர்களுக்கு அப்போதும் கூடாது, அது வேறு நோய். ‘வீட் ஃப்ரீ’ என்பதும் வேறு, குளூட்டன் உள்ள பார்லியும் ரை என்ற தானியமும் உள்ளே இருக்கலாம். இவ்வளவையும் கடுகு போன்ற எழுத்தில் அடிக்க அனுமதித்துவிட்டு, படித்துப் புரிந்துகொள்ளும் பாரத்தைத் தாய் தகப்பன் தலையில் போடுகிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

டோஸ்ட் என்றேனே, டோஸ்டரும் மகளுக்குத் தனியாக இருக்கட்டும். மற்றவர்களின் கோதுமை பிரெட் துகள் அதன் அடித்தட்டில் கிடக்கும்.