ஒரு பீரங்கி வண்டிக்கோ ஆயுதத்துக்கோ வாழ்நாள் முழுவதற்குமான சுற்றுச்சூழல் செலவை எப்படி மதிப்பிடுகிறார்கள்?

ஓடும்போது எரியும் எரிபொருளைக் கணக்கிட்டாலே போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பதே என் பதில். லாரி உற்பத்தி ஆலை ஒன்றில் சுற்றுச்சூழல் கணக்கீட்டு வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான்; ராணுவத்தில் பணியாற்றியதில்லை. அமெரிக்க அரசு வெளிப்படையாக வைத்திருக்கும் விவரங்களைக் கொண்டே இதை எழுதுகிறேன்.

லாரியைக் கணக்கிடுவது எளிது. ஒரு பொருளின் வாழ்நாள் பாதிப்பை அளப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 14040 என்னும் சர்வதேசத் தரநிலையின்படி, எந்தப் பயனுக்கான பாதிப்பை அளக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். லாரிக்கு அது ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டு செல்வது. பெரும்பாலான நாட்கள் கொட்டகையில் நின்று, பயிற்சிக்கு மட்டும் வெளியே வரும் பீரங்கி வண்டிக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. ஒரு வண்டியை ஓராண்டுக் காலம் போருக்கு ஆயத்தமாக வைத்திருப்பதையே அலகாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அப்போதுதான் அமெரிக்காவின் எம்1 ஏப்ராம்ஸ் பீரங்கி வண்டி, தன் 1,500 குதிரைத்திறன் டர்பைன் எஞ்சினை அணைக்காமல் நின்ற இடத்தில் நிற்கும்போதே மணிக்கு ஏறக்குறைய 40 லிட்டர் எரிபொருளைக் குடிப்பது கணக்கில் ஏறும். அந்த எரிபொருளைக் களம்வரை கொண்டு சேர்க்கும் டேங்கர் லாரிகளும் அவற்றுக்குக் காவலாகச் செல்லும் வண்டிகளும் எரிப்பதையும் இதனுடன் கூட்ட வேண்டும். புதிய தளவாடங்களை ஒப்பிடும்போது இந்த முழுச் செலவையும் கருத வேண்டும் என்று 2009 நிதியாண்டுக்கான அமெரிக்கப் பாதுகாப்புச் சட்டமே விதித்தது.

பராமரிப்புக் கட்டத்தின் கணக்கில் துருவைத் தடுக்கும் காட்மியம் முலாம், குரோமியம் கலந்த அடிப்பூச்சு, அவற்றை நீக்கும் கரைப்பான்கள் போன்ற நச்சுப்பொருள்கள் வரும். லாரித் தொழிலில் பழகியவர்களுக்கு இவை புதிதல்ல.

மதிப்பீடு உண்மையில் தவறுவது கடைசிக் கட்டத்தில், அதாவது ஆயுதத்தை அழிக்கும் கட்டத்தில். இதற்கு எம்55 ராக்கெட்டைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1960களின் முதற்பாதியில் அமெரிக்கா தயாரித்த இந்த ராக்கெட்டின் அலுமினியத் தலைப்பகுதியில் சாரின் போன்ற நரம்பு நச்சு சுமார் 5 கிலோ இருந்தது. அதனுடன் வெடிமருந்தும் உந்துபொருளும் ஒரே உருளையில் பொருத்தப்பட்டிருந்தன. சேமிப்பில் கிடக்கும்போது சாரின் சிதைந்து அமிலமாகி அலுமினியத்தை அரித்ததால், பல ராக்கெட்டுகள் கசியத் தொடங்கின. பாகம் பாகமாகப் பாதுகாப்பாகக் கழற்றிவிட முடியாத அமைப்பு அது. வெடிப்பைத் தாங்கும் சுவர்களுக்குப் பின்னால் இயந்திரத்தைக் கொண்டு துண்டு துண்டாக வெட்டவேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, ராக்கெட்டை வைத்திருந்த கண்ணாடியிழைக் குழாயிலேயே பிசிபி என்னும் நச்சுப்பொருள் கலந்திருந்ததால், அதை எரிப்பதற்குத் தனி அனுமதி தேவைப்பட்டது. வரைபட மேசையில் எடுத்த சில முடிவுகள் எத்தனை தலைமுறைகளின் தலையில் விழுந்தன என்று எண்ணும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

தொடக்கத்தில் ஒரு மலிவான வழி இருந்தது. 1967 முதல் 1970 வரை இந்த ராக்கெட்டுகளில் ஒரு பகுதியைக் கான்கிரீட்டில் புதைத்து, பழைய கப்பல்களில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் மூழ்கடித்தார்கள். 1972இல் வந்த சட்டம் அந்த வழியை அடைத்தது. ஆயுதத்தின் ஆயுள் சட்டத்தின் ஆயுளைவிட நீளமானது என்பதால், இன்று அனுமதிக்கப்பட்ட முறையின் விலையை மட்டும் எழுதி வைக்கும் எந்த மதிப்பீட்டையும் நான் நம்புவதில்லை. 1985இல், ரசாயன ஆயுதக் கையிருப்பை 170 கோடி டாலரில், 1994க்குள் அழித்துவிடலாம் என்று அமெரிக்க ராணுவம் கணக்கிட்டது. அந்தக் கையிருப்பில் கடைசியாக எஞ்சிய ஆயுதமான ஓர் எம்55, கென்டக்கி மாநிலத்தில் உள்ள புளூ கிராஸ் கிடங்கில் 2023 ஜூலை 7 அன்றுதான் அழிந்தது; அதற்குள் மொத்தச் செலவு சுமார் 4,000 கோடி டாலரை எட்டியிருந்தது. விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தாலும் இது பல மடங்கு.

கடைசியில் வரும் இந்த அழிப்புச் செலவு தொடக்கத்திலேயே கண்ணில் படாததற்குக் கணக்குமுறையும் ஒரு காரணம். எதிர்காலச் செலவை ஆண்டுக்கு 7 சதவீத வீதத்தில் இன்றைய மதிப்புக்குக் குறைத்தால், 60 ஆண்டுகளுக்குப் பின் வரும் 100 ரூபாய் இன்றைக்கு 2 ரூபாய்கூடப் பெறாது. எம்55 உருவானதிலிருந்து அழியும்வரை ஏறத்தாழ அதே 60 ஆண்டுகள்தான் ஆயின. ஆகவே அழிப்புச் செலவை இப்படிச் சுருக்காமல், அந்தந்த ஆண்டில் கொடுக்கவேண்டிய முழுத்தொகையாகவே கணக்கில் தனி இனமாகக் காட்ட வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். அந்த இனத்தில் ஆயுதத்தை அழிப்பதற்காகக் கட்டும் ஆலையும் சேரவேண்டும். கடைசி ராக்கெட்டுக்குப் பிறகு அந்த ஆலையையே நச்சுநீக்கிப் பிரித்தாக வேண்டும்.