டெக்ஸ்ட் பாக்ஸ் ஏன் அடம் பிடிக்கிறது? எக்செல் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை எக்செலில் டெக்ஸ்ட் பாக்ஸ் போடுவது பற்றித்தான். போடுவது சுலபம். இன்செர்ட் டேபில் டெக்ஸ்ட் பாக்ஸைத் தட்டி, ஷீட்டின் மேல் மவுஸை இழுத்தால் பெட்டி தயார். தொல்லை எல்லாம் அதற்கப்புறம்தான். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பெட்டி எந்தச் செல்லுக்குள்ளும் இல்லை. மேசைக் கண்ணாடியின் மேல் ஒட்டிய துண்டுச்சீட்டு மாதிரி, செல்களுக்கு மேலே தனியாக இருக்கிறது. கீழே வரும் சிக்கல்களில் பலவும் இதனால் வருபவை. மெனுப் பெயர்கள் விண்டோஸ் கணினியில் நிறுவும் எக்செலுக்கு உரியவை.

கே: பெட்டியை நீக்க டெலீட் அமுக்கினால் உள்ளே இருக்கும் எழுத்துதான் போகிறது. பெட்டி அப்படியே நிற்கிறது. என்ன செய்வது?

ப: பெட்டிக்குள் கிளிக் செய்தால் எழுத்தைத் திருத்தும் நிலைக்குப் போய்விடுவீர்கள். ஓரக்கோட்டின் மேல் கிளிக் செய்தால்தான் பெட்டி முழுவதும் தேர்வாகும். உள்ளே மாட்டிக்கொண்டால் எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டுங்கள், வெளியே வந்துவிடும். இப்போது டெலீட் அமுக்கலாம். எழுத்தின் அளவு, நிறம் போன்றவற்றை மொத்தமாக மாற்றும்போதும் இப்படி ஓரத்தைப் பிடித்துத் தேர்வு செய்தால் ஒரே அடியில் முடியும்.

கே: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பராமரிப்புக் கட்டணக் கணக்கில், பட்டியலுக்குப் பக்கத்தில் பெட்டி போட்டு விதிமுறைகளை எழுதி வைத்திருக்கிறேன். பாக்கி வைத்தவர்களை மட்டும் ஃபில்டர் செய்தால் பெட்டி நசுங்கி ஒரு கோடு போல ஆகிவிடுகிறது.

ப: ஃபில்டர் செய்யும்போது வரிகள் மறைகின்றன. அந்த வரிகளின் மேல் இருந்த பெட்டியும் அவற்றோடு சுருங்குகிறது. பெட்டியின் ஓரத்தில் ரைட் கிளிக் செய்து 'சைஸ் அண்ட் ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து, அதில் ப்ராப்பர்ட்டீஸ் பகுதிக்குப் போங்கள். மூன்று தெரிவுகள் இருக்கும். 'மூவ் அண்ட் சைஸ் வித் செல்ஸ்' என்றால் செல்களோடு நகரும், செல்களோடு சுருங்கும். இரண்டாவது 'மூவ் பட் டோன்ட் சைஸ்': நகரும், ஆனால் அளவு மாறாது. மூன்றாவது 'டோன்ட் மூவ் ஆர் சைஸ்': இரண்டும் கிடையாது.

உங்களுக்கு மூன்றாவது பொருந்தும். ஆனால் அதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். திரையில் ஒரே இடத்தில் நிற்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. கீழே உருட்டினால் பெட்டியும் மேலே போய் மறைந்துவிடும். எப்போதும் கண்ணில் பட வேண்டுமானால் பட்டியலுக்கு மேலே நாலைந்து வரிகளைக் காலியாக விட்டு, பெட்டியை அங்கே வைத்து, வியூ டேபில் ஃப்ரீஸ் பேன்ஸ் கொடுத்து அந்த வரிகளை உறைய வையுங்கள். ஃபில்டரின் தொல்லையும் அங்கே எட்டாது. பெட்டியைச் செல்களின் விளிம்போடு ஒட்டி நிறுத்த, ஆல்ட் விசையைப் பிடித்தபடி இழுங்கள். கண்ணளவில் சரி செய்து கை ஓய வேண்டாம்.

கே: திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். முதலாளிக்குக் காட்டும் ஷீட்டின் மேலே பெரிய பெட்டியில் அன்றன்றைய மொத்த வசூல் தெரிய வேண்டும். தினமும் கையால் மாற்றுகிறேன். தானாக மாறாதா? தொகையில் லட்சக் காற்புள்ளியும் வர வேண்டும்.

ப: மாறும். பெட்டிக்குள் சமக்குறி போட்டுத் தட்டச்சு செய்து பார்த்திருப்பீர்கள். அப்படிச் செய்தால் அது வெறும் எழுத்தாகவே நிற்கும். ஓரக்கோட்டைத் தொட்டுப் பெட்டியைத் தேர்வு செய்யுங்கள். பிறகு மேலே உள்ள ஃபார்முலா பாரில் கிளிக் செய்து, அங்கே = போட்டு, மொத்தம் இருக்கும் செல்லைத் தொட்டு என்டர் கொடுங்கள். இனி அந்தச் செல்லில் எது தெரிகிறதோ அதுவே பெட்டியிலும் தெரியும்.

ஒரு கட்டுப்பாடு: பெட்டி ஒரே ஒரு செல்லின் முகவரியை மட்டுமே ஏற்கும். கூட்டல், இணைத்தல் எதையும் அங்கே எழுத முடியாது. கணக்கை ஒரு செல்லில் முடித்துவிட்டு, பெட்டியை அதை நோக்கித் திருப்பிவிட வேண்டும். இதற்கென்று ஒரு தனி ஷீட் வைத்துக்கொள்வது என் வழக்கம். முன்னால் வரும் ஷீட் சுத்தமாக இருக்கும்.

லட்சக் காற்புள்ளியும் கேட்டிருந்தீர்கள். பெட்டி செல்லின் வடிவத்தையே காட்டும் என்பதால், வேலையைச் செல்லில் செய்தால் போதும். கன்ட்ரோல் 1 அமுக்கி, கஸ்டம் பகுதியில் இதை ஒட்டுங்கள்:

[>=10000000]"வசூல் ரூ. "##\,##\,##\,##0;[>=100000]"வசூல் ரூ. "##\,##\,##0;"வசூல் ரூ. "##,##0

1245600 என்ற எண் 'வசூல் ரூ. 12,45,600' என்று வரும். செல்லுக்குள் இருப்பது எண்தான் என்பதால் அதை வேறு கணக்குக்கும் எடுத்துக்கொள்ளலாம். மைனஸ் தொகை வந்தால் லட்சப் பிரிப்பு கிடைக்காது. வசூலுக்கு அந்தக் கவலை இல்லை என்று நம்புவோம். விண்டோஸின் ரீஜன் அமைப்பில் இந்தியாவைத் தேர்ந்தால் சாதாரணக் காற்புள்ளி வடிவமே லட்சக் கணக்கில் வரும். ஆனால் அது உங்கள் கணினியோடு நின்றுவிடும். கோப்பைத் திறக்கும் இன்னொருவருக்கு அவர் கணினியில் உள்ளபடிதான் தெரியும்.

இணைத்த பெட்டியில் ஒரு சொல்லை மட்டும் தடித்த எழுத்தாக்க முடியாது. தலைப்பு சிறிதாகவும் தொகை பெரிதாகவும் வேண்டுமென்றால் இரண்டு பெட்டிகள் போட்டு, 'நோ ஃபில்', 'நோ அவுட்லைன்' கொடுத்து, அடுத்தடுத்து வைத்து க்ரூப் செய்யுங்கள். க்ரூப் செய்ய கன்ட்ரோல் ஜி அமுக்காதீர்கள். பவர்பாயின்ட்டில் பழகிய கை அங்கேதான் போகும், ஆனால் எக்செலில் அது 'கோ டூ'. ஷேப் ஃபார்மேட் டேபில் க்ரூப் இருக்கிறது.

கே: பள்ளி ஆசிரியை நான். பழைய மதிப்பெண் பட்டியலில் செல்லில் தமிழ் சரியாகத் தெரிகிறது. அதையே பெட்டியில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வருகிறது. வைரஸா?

ப: வைரஸ் இல்லை, பாமினி என்ற பழைய எழுத்துருவின் வேலை. அந்தக் கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். பாமினி எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் மாட்டிவிடுகிறது. பெட்டி வேறு எழுத்துருவில் இருப்பதால் வேஷம் கலைந்துவிட்டது. அவசரத்துக்குப் பெட்டியின் எழுத்துருவையும் பாமினியாக மாற்றினால் சரியாகத் தெரியும். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் மறுபடி இதே கதைதான். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாறுவதே தீர்வு. தமிழ்நாடு அரசே 2010-இல் அதைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. இணையத்தில் இலவச மாற்றிகள் கிடைக்கின்றன. ஒருமுறை உட்கார்ந்து மாற்றிவிடுங்கள்.

மாற்றிய பிறகு நிர்மலா யூஐ அல்லது லதா வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது விண்டோஸோடு வருவது. லதாவை விண்டோஸ் 10, 11-இல் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கலாம். 'கூ', 'ரூ' போன்றவற்றின் அடிப்பகுதி வெட்டுப்பட்டால், பெட்டிக்குள் ரைட் கிளிக் செய்து பாராகிராஃப் திறந்து, வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 'சிங்கிள்' ஆக்குங்கள். டெக்ஸ்ட் டைரக்ஷனில் எழுத்துகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கும் தெரிவைத் தமிழுக்குத் தொடவே வேண்டாம். ஆங்கிலத்திலேயே அழகாக இராது.

கே: திடீரென்று எல்லாப் பெட்டிகளும் காணாமல் போய்விட்டன. புதிதாகப் போடப் போனால் இன்செர்ட்டில் பட்டன்கள் மங்கிக் கிடக்கின்றன.

ப: கன்ட்ரோல் 6 அமுக்குங்கள். பெட்டி, படம், சார்ட் எல்லாவற்றையும் மறைத்துக் காட்டும் குறுக்குவிசை அது. வேறு எதையோ அமுக்கப் போய்க் கை பட்டிருக்கும். பெட்டிகள் தெரிந்தும் பட்டன் மங்கலாகவே இருந்தால் ஷீட் பாதுகாப்பில் இருக்கிறதா, பல ஷீட்டுகள் ஒன்றாகத் தேர்வாகியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

கே: ஒவ்வொரு மாணவருக்கும் அவர் பெயருக்குப் பக்கத்தில் பெட்டி போட்டுக் கருத்து எழுதியிருக்கிறேன். கன்ட்ரோல் எஃப் போட்டுத் தேடினால் எதுவும் கிடைப்பதில்லை.

ப: கிடைக்காது. கன்ட்ரோல் எஃப் செல்களைத் தேடும், பெட்டிக்குள் எட்டிப் பார்க்காது. ஃபார்முலாவுக்கும் பெட்டியில் இருப்பது தெரியாது. இதைவிட ஆபத்து, பெயர்களை ஒருநாள் மதிப்பெண் வாரியாக வரிசைப்படுத்தினால் ஒருவரின் கருத்து இன்னொருவர் பக்கத்தில் போய் நிற்க வாய்ப்பு உண்டு. பெற்றோர் கையில் போகும் தாளில் அது தேவையா? 'குறிப்பு' என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, ராப் டெக்ஸ்ட் கொடுத்து, எல்லாவற்றையும் செல்லுக்கே மாற்றுங்கள். ஒரு செல் 32,767 எழுத்துக்குறிகள் வரை தாங்கும். அவ்வளவு கருத்து யாரும் எழுதப்போவதில்லை.

பெட்டிகளை மொத்தமாக நீக்க எஃப்5, ஸ்பெஷல், ஆப்ஜெக்ட்ஸ், ஓகே, டெலீட். சார்ட்டும் படமும் இருந்தால் அவையும் சேர்ந்து போய்விடும். அப்படியிருந்தால் ஆல்ட் எஃப்10 அமுக்கி, செலெக்ஷன் பேனில் வேண்டாதவற்றை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கே: சார்ட்டின் மேல் வைத்த பெட்டி, சார்ட்டை நகர்த்தினால் கூடவே வருவதில்லை.

ப: முதலில் சார்ட்டைத் தேர்வு செய்து, பிறகு டெக்ஸ்ட் பாக்ஸ் போடுங்கள். அது சார்ட்டுக்குள்ளேயே அடங்கிவிடும்.

கே: அச்சில் மட்டும் பெட்டி வரக்கூடாது. முடியுமா?

ப: முடியும். மேலே சொன்ன அதே ப்ராப்பர்ட்டீஸ் பகுதியில் 'ப்ரின்ட் ஆப்ஜெக்ட்' டிக்கை எடுத்துவிடுங்கள். அச்சில் வராமல் தவிப்பவர்களும் அங்கேதான் பார்க்க வேண்டும்.

கே: கிளை அலுவலகங்களுக்கு ஒரு படிவம் அனுப்புகிறோம். பெட்டிக்குள் அவர்கள் எழுத வேண்டும், ஆனால் பெட்டியை நகர்த்தக் கூடாது.

ப: அதே இடத்தில் 'லாக்டு', 'லாக் டெக்ஸ்ட்' என இரண்டு டிக் இருக்கும். முதலாவது டிக்கை அப்படியே விட்டு, இரண்டாவது டிக்கை மட்டும் நீக்குங்கள். பிறகு ரிவ்யூ டேபில் ப்ரொடெக்ட் ஷீட் கொடுங்கள். கடைசிப் படியைச் செய்யாவிட்டால் இந்த டிக்குகளால் ஒரு பயனும் இல்லை.

ஆனால் அவர்கள் எழுதுவதை நீங்கள் பிறகு ஒரே ஷீட்டில் தொகுக்கப்போகிறீர்கள் என்றால் பெட்டி வேண்டாம், செல்லே கொடுங்கள். 'இங்கே என்ன எழுத வேண்டும்' என்று சொல்ல டேட்டா வேலிடேஷனில் 'இன்புட் மெசேஜ்' இருக்கிறது. செல்லைத் தொட்டதும் ஒரு சிறு குறிப்பு எழும், 255 எழுத்துக்குறிகள் வரை எழுதலாம்.

கே: கூகுள் ஷீட்ஸில் இந்த வசதி எங்கே?

ப: நேரடியாக இல்லை. இன்செர்ட்டில் டிராயிங் திறந்து, அதற்குள் டெக்ஸ்ட் பாக்ஸ் போட்டு, சேவ் அண்ட் க்ளோஸ் கொடுக்க வேண்டும். ஷீட்டின் மேல் படம் போல வந்து உட்காரும். திருத்த வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் டிராயிங்கைத் திறக்க வேண்டும், செல்லோடு இணைக்கவும் வழியில்லை. அங்கே நாலு செல்களை மெர்ஜ் செய்து நிறம் கொடுத்துவிடுவது நல்லது. லிப்ரே ஆபிஸ் கால்கில் இன்செர்ட்டிலேயே டெக்ஸ்ட் பாக்ஸ் உண்டு. செல்லோடு நகர வேண்டுமா கூடாதா என்பதை ரைட் கிளிக் செய்து, ஆங்கரில் முடிவு செய்யலாம்.