பாதி விலை டிக்கெட்டும் ஸ்ரீநகர் பயணமும்

கேள்வி: என் கணவர் சேலம் உருக்காலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். காஷ்மீரைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன், வரும் ஏப்ரலில் துலிப் மலர்கள் பூக்கும் சமயத்தில் ஸ்ரீநகருக்குப் போய்வர விமானக் கட்டணம் வழக்கத்தில் பாதியாகக் கிடைக்கிறது என்றும், இந்த மாத இறுதிக்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்றும் சொல்கிறான். நாங்கள் இருவர், மகன், மருமகள், நான்கு வயதுப் பேரன் என ஐந்து பேர் போவதாகத் திட்டம். பஹல்காமில் நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த என் மாமியார், குழந்தையைக் கூட்டிக்கொண்டு அங்கே போகக் கூடாது என்று உறுதியாக இருக்கிறார். என் கணவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பணத்தைப் பார்ப்பதா, பயத்தைப் பார்ப்பதா என்று புரியாமல் இருக்கிறேன்.
— வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: சகோதரிக்கு வணக்கம். உங்கள் மகன் சொல்லும் அந்த மிகக் குறைந்த கட்டணத்தில், மாத இறுதி என்ற அவசரத்துக்காக இந்த டிக்கெட்டை வாங்க வேண்டாம். காஷ்மீருக்கே போக வேண்டாம் என்பது இதற்குப் பொருளல்ல. உங்கள் கணவரின் ஆசை நியாயமானது, அது நிறைவேற வேண்டும் என்றே நானும் விரும்புகிறேன். ஆனால் பணமா பயமா என்று நீங்கள் எதிரெதிரே நிறுத்தியிருக்கும் இரண்டும் ஒரே தராசில் வைக்கத் தக்கவை அல்ல. முழுக் கட்டணம் கொடுத்தாவது இந்தக் குடும்பம் வரும் ஏப்ரலில் ஸ்ரீநகருக்குப் போகுமா என்பதை முதலில் பேசி முடிவு செய்யுங்கள். போக மாட்டோம் என்பது விடையானால், பாதி விலையும் உங்களுக்கு வீண் செலவுதான். போவோம் என்பது விடையானால், அதன் பிறகுதான் எந்த வகை டிக்கெட் என்ற பேச்சே வருகிறது.

கட்டணம் குறைந்திருப்பதை வைத்து அந்த ஊரின் நிலைமையைக் கணிக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருக்கைகள் நிரம்பவில்லை என்றால் விமான நிறுவனம் விலையைக் குறைக்கும், நிரம்பத் தொடங்கினால் ஏற்றும். ஆகவே இன்றைய விலை மற்றவர்கள் தயங்குகிறார்கள் என்பதை வேண்டுமானால் காட்டலாம். அந்தத் தயக்கம் சரியா தவறா என்பதை அது காட்டாது. மலிவாக இருக்கிறது என்று மகன் மகிழ்வதும், மலிவாக இருப்பதாலேயே ஏதோ ஆபத்து இருக்கும் என்று வீட்டில் யாராவது அஞ்சுவதும் இரண்டுமே அடிப்படை இல்லாதவை.

மலிவு டிக்கெட்டில் நீங்கள் உண்மையில் விட்டுக்கொடுப்பது, பிறகு மனம் மாறிக்கொள்ளும் உரிமையை. பயணத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே, அப்போதைய நிலைமை எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாத நேரத்தில், உங்களை முடிவெடுக்க வைக்கிறது அது. காஷ்மீரைப் பொறுத்தவரை இது சிறிய விஷயம் அல்ல. 2025 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். 20ஆம் தேதி ராம்பன் பகுதியில் கொட்டிய மழையில் ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலை மண்ணிலும் வெள்ளத்திலும் சிக்கி மூடப்பட்டது. 22ஆம் தேதி பஹல்காமுக்கு மேலே பைசரன் புல்வெளியில் நடந்த தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் அந்த ஊரைச் சேர்ந்த குதிரைக்காரர். அதன் பிறகு பள்ளத்தாக்கில் 87 சுற்றுலா இடங்களில் 48 இடங்களை அரசு மூடியது. மே 7ஆம் தேதி ராணுவ நடவடிக்கை தொடங்கிய பிறகு ஸ்ரீநகர் உட்பட வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்களில் பயணிகள் விமானங்கள் நிறுத்தப்பட்டு, மே 12ஆம் தேதிதான் அவை மீண்டும் திறக்கப்பட்டன. ஏப்ரல் 19ஆம் தேதி, அதாவது இவை தொடங்குவதற்கு முந்தைய நாள், ஸ்ரீநகரில் இருந்த ஒருவரிடம் கேட்டிருந்தால், எல்லாம் நன்றாக இருக்கிறது, துலிப் பார்த்துவிட்டு வருகிறோம் என்றுதான் சொல்லியிருப்பார்.

இதை உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அதற்கு முந்தைய 2024ஆம் ஆண்டில் வைஷ்ணவ தேவி பக்தர்களையும் சேர்த்து ஜம்மு காஷ்மீருக்கு இரண்டு கோடிக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாகியுள்ளன. அவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தத் தீங்கும் இன்றி வீடு திரும்பியவர்கள். ஆனால் உங்கள் மாமியாரின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடவும் கூடாது. நான்கு வயதுக் குழந்தை தானாக முடிவெடுக்க முடியாதவன், ஆகவே அவனுக்காகப் பெரியவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும் என்கிறார் அவர். அதில் பிழை ஏதும் இல்லை. அவரிடம் "ஒன்றும் ஆகாது" என்று சொல்வதை விட, "எந்த நிலைமை வந்தால் நாங்கள் போக மாட்டோம்" என்பதைச் சொல்லுங்கள். அது அவருக்கும் நிம்மதி தரும், உங்களையும் அந்த வார்த்தைக்குக் கட்டுப்படுத்தும்.

அந்த நிலைமைகளை இப்போதே, மனம் அமைதியாக இருக்கும்போதே, ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்வேன். பள்ளத்தாக்கில் சுற்றுலாப் பயணிகளைக் குறிவைத்து ஏதாவது நடந்தால், எல்லைப் பகுதியில் மோதல் தொடங்கினால், விமான நிலையம் ஓரிரு நாளேனும் மூடப்பட்டால், நீங்கள் தங்கவிருக்கும் இடம் மூடப்பட்ட பட்டியலில் சேர்ந்தால், பயணம் இல்லை. புறப்படுவதற்கு ஒரு வாரத்துக்கு முன் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அன்று ஐந்து பேரும் உட்கார்ந்து இந்தத் தாளைப் பார்த்து முடிவெடுங்கள். "இவ்வளவு பணம் கட்டிவிட்டோமே" என்ற பேச்சு அன்றைக்கு எழவே கூடாது. அந்தப் பேச்சுதான் பல குடும்பங்களைப் போகக் கூடாத நேரத்தில் போக வைக்கிறது. கட்டிய பணம் போனாலும் போகட்டும் என்று மகன் இன்றைக்கே மனதாரச் சொல்ல முடியுமானால், மலிவு டிக்கெட்டைக் கூட நான் தடுக்க மாட்டேன். ஐந்து பேருடைய தொகை என்பதால் அவரால் அப்படிச் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன்.

தேதியை மாற்றிக்கொள்ளவும், சிறிய பிடித்தத்துடன் ரத்து செய்யவும் இடம் தரும் டிக்கெட் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதல் தொகையைக் கொடுங்கள். பணம் திரும்பாது என்று விற்கப்படும் டிக்கெட்டிலும் கூட, நீங்கள் ரத்து செய்தால் அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. பலர் இதைக் கேட்டுப் பெறுவதில்லை. விமானத்தை நிறுவனமே ரத்து செய்தால் முழுப் பணமோ மாற்று விமானமோ உங்கள் உரிமை. பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு விமான நிறுவனங்கள் ஸ்ரீநகர் டிக்கெட்டுகளுக்கு ரத்துக் கட்டணத்தைச் சில நாட்கள் தள்ளுபடி செய்தன என்பது உண்மைதான், ஆனால் அப்படி ஒரு சலுகை வரும் என்று நம்பி டிக்கெட் வாங்கக் கூடாது. பயணக் காப்பீடு எடுப்பதானால் "விலக்குகள்" என்ற பகுதியை முதலில் வாசியுங்கள். போர்ச் சூழல் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும், பயங்கரவாதச் சம்பவம் சில பாலிசிகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. விமானங்கள் வழக்கம்போல் இயங்கிக்கொண்டிருக்கும்போது பயந்து நீங்களாகப் பயணத்தைக் கைவிட்டால் பொதுவாக எதுவும் கிடைக்காது. உங்கள் கணவரின் ஸ்டென்ட்டை மறைக்காமல் எழுதி, அது தொடர்பான சிகிச்சைக்குப் பாதுகாப்பு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மலிவு என்ற கணக்கையும் சேலத்திலிருந்து போட வேண்டும், பெங்களூரிலிருந்து அல்ல. விமான நிலையம் தேவனஹள்ளியில், நகருக்கு வடக்கே இருக்கிறது. நாம் ஓசூர் வழியாகத் தெற்கிலிருந்து நுழைகிறோம். முழு நகரத்தையும் கடந்தாக வேண்டும். மலிவு விமானங்கள் பெரும்பாலும் விடிவதற்கு முன் கிளம்புபவை அல்லது டெல்லியில் பல மணி நேரம் காக்க வைப்பவை. முதல் நாள் இரவுத் தங்கல், ஐந்து பேருக்கு வாடகைக் கார், டெல்லியில் குழந்தையுடன் காத்திருப்பு எல்லாவற்றையும் கூட்டினால் அந்தப் பாதி விலை எவ்வளவு மிஞ்சுகிறது என்று மகனையே எழுதிக் காட்டச் சொல்லுங்கள். நம் சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்திலிருந்து பெங்களூருக்கு விமானத்தில் போய் அங்கே மாறிக்கொள்ளலாம் என்று தனித்தனி டிக்கெட்டாக எடுப்பதையும் தவிர்க்கச் சொல்வேன். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் அதற்குப் பொறுப்பேற்காது.

பாதுகாப்பு என்றதும் நாம் துப்பாக்கியை மட்டுமே நினைக்கிறோம். உங்கள் குடும்பத்துக்கு நான் அதைவிட அதிகமாக நினைப்பது உங்கள் கணவரின் இதயத்தை. ஸ்ரீநகர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,585 மீட்டர், ஏற்காடு சுமார் 1,515 மீட்டர். ஆகவே ஏற்காட்டில் சிரமமில்லாமல் நடப்பவருக்கு ஸ்ரீநகரின் உயரம் மட்டும் புதிய சுமை ஆகாது. குல்மர்க் அப்படியல்ல, அது 2,650 மீட்டர். அங்கிருந்து கேபிள் காரின் இரண்டாம் கட்டத்தில் ஏறினால் அஃபர்வாட் மலைப்பகுதியில் ஏறக்குறைய 3,950 மீட்டரில் இறங்குவீர்கள். அங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு, கடுங்குளிர் வேறு. ஸ்டென்ட் வைத்தவர் இதய மருத்துவரிடம் "காஷ்மீர் போகலாமா" என்று பொதுவாகக் கேட்காமல், இந்த உயரத்தைச் சொல்லி, அங்கே போகலாமா என்று கேட்க வேண்டும். பேரனையும் இரண்டாம் கட்டத்துக்குக் கூட்டிப் போக வேண்டாம். முதல் கட்டத்தோடு நிறுத்திக்கொண்டாலே பனி பார்க்கலாம். மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், கடைசி இசிஜி, ஸ்டென்ட் விவர அட்டை ஆகியவற்றின் நகல் உங்களிடமும் மகனிடமும் இருக்கட்டும். இதய சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய அரசு மருத்துவ நிலையமான ஷேர்-இ-காஷ்மீர் மருத்துவ அறிவியல் கழகம் ஸ்ரீநகரின் சௌரா பகுதியில் இருக்கிறது. தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஏரியின் அழகோடு இந்தத் தூரத்தையும் பாருங்கள்.

அடுத்து, திரும்பும் வழி. அடிவாரச் சாலையில் மண் சரிந்தால் குப்பனூர் வழியாக இறங்கலாமா என்று கேட்பது ஏற்காட்டுக்காரர்களுக்குப் பழக்கம். அதே கேள்வியை ஸ்ரீநகருக்கும் கேளுங்கள். நம் சேலத்தைக் கடந்து கன்னியாகுமரி வரை வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் அங்கேயும் பள்ளத்தாக்கை ஜம்முவோடு இணைக்கும் சாலை. மலைச்சரிவில் அது அடிக்கடி மூடப்படும். 2025 ஏப்ரலில் பயணிகள் ஊர் திரும்பத் துடித்தபோது சாலை ஏற்கெனவே அடைபட்டிருந்தது, விமானக் கட்டணம் ஏறியது, கட்டணத்தைக் கூட்டாதீர்கள் என்று விமான நிறுவனங்களுக்கு அரசு அறிவுறுத்த வேண்டி வந்தது. 2025 ஜூன் 6ஆம் தேதி கட்ரா–ஸ்ரீநகர் வந்தே பாரத் ரயில் தொடங்கப்பட்டதால், ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் ஜம்மு பக்கம் உள்ள கட்ராவை அடைய இப்போது மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. விமானம், ரயில், சாலை மூன்றில் குறைந்தது இரண்டு இயங்குவதை உறுதி செய்துகொண்டு ஏறுங்கள். அவசரமாகத் திரும்ப நேர்ந்தால் ஐந்து பேருக்கு உடனடி டிக்கெட் எடுக்கத் தேவையான தொகையைத் தொடாமல் தனியாக வைத்திருங்கள். மலிவு டிக்கெட்டில் மிச்சமாகும் பணம் இருக்க வேண்டிய இடம் அதுதான்.

அங்கே போன பின் பார்க்கும் இடங்களையும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். பைசரனுக்கு வாகனச் சாலை கிடையாது. நடந்தோ குதிரையிலோதான் போக முடியும். அப்படிப்பட்ட ஒதுக்குப்புறப் புல்வெளிகளைக் குழந்தையும் இதய நோயாளியும் உள்ள குடும்பம் தவிர்ப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை. தால் ஏரி, முகலாயத் தோட்டங்கள், ஜபர்வான் மலையடிவாரத் துலிப் தோட்டம் எல்லாம் ஸ்ரீநகருக்குள்ளேயே இருக்கின்றன. துலிப் பூப்பது மூன்று நான்கு வாரங்கள் மட்டுமே, அதுவும் அந்த ஆண்டின் குளிரைப் பொறுத்து முன்பின் ஆகும். தேதியை மாற்ற முடியாத டிக்கெட்டில் போனால் பூவும் தவறிவிடக் கூடும். அதுவும் மாற்றத்தக்க டிக்கெட்டுக்கு ஒரு காரணம்.

தொலைபேசியைப் பற்றி ஒன்று. தமிழ்நாட்டில் வாங்கிய ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் இயங்காது, போஸ்ட்பெய்டு மட்டுமே இயங்கும். ஐவரில் குறைந்தது இருவராவது, அவர்களில் ஒருவர் உங்கள் கணவராக இருக்கும்படி, புறப்படுவதற்கு முன்பே போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். விமான எண், ஹோட்டல் முகவரி, வாகன ஓட்டுநரின் எண், 2025இல் உதவி மையம் இயங்கிய டெல்லி தமிழ்நாடு இல்லத்தின் தொலைபேசி எண் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி உங்கள் மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். தினமும் இரவு ஒரு குறித்த நேரத்தில் பேசுங்கள். சிக்னல் கிடைக்காத பகுதிக்குப் போவதாக இருந்தால், அன்று காலையிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.